கையைக் கடிக்காத கேமிங் கணினி: பாகத் தேர்விலிருந்து முதல் பூட் வரை

கேமிங் கணினி சேர்க்கப் போகிறவர் எடுத்த எடுப்பில் கேட்பது எந்தப் பிராசசர் என்பதுதான். அதற்கு முன்னால் மானிட்டர் முடிவாக வேண்டும். எத்தனை பிக்சலை, வினாடிக்கு எத்தனை தடவை வரைய வேண்டும் என்று தெரியாதவரை எந்தப் பாகத்துக்கும் அளவு கிடைக்காது.

1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560×1440-க்குப் போனால் 36.9 லட்சம். கிராபிக்ஸ் கார்டின் வேலை பெரும்பாலும் இந்தக் கணக்கையொட்டிக் கூடும். பிராசசரின் வேலை பிக்சலைப் பொறுத்து அவ்வளவாகக் கூடாது. வினாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை முழுப்படம், என்பதைப் பொறுத்துத்தான் கூடும். 1440பி-யில் 60 ஃப்ரேம் போதும் என்பவருக்குக் கார்டு பெரிதாக வேண்டும், பிராசசர் சுமாராக இருந்தாலும் ஒப்பேற்றலாம். 1080பி-யில் 144 வேண்டும் என்பவருக்குப் பிராசசரும் ராமும் ஈடுகொடுக்க வேண்டும். 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமை முடிக்க 16.7 மில்லிவினாடி அவகாசம். 144 என்றால் 6.9 மட்டுமே.

இந்தப் பதிவில் உள்ள பில்டுக்கு வைத்த இலக்கு இது: 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி ஆட்டங்களில் மானிட்டரின் வேகத்தைத் தொட வேண்டும், பெரிய கதை ஆட்டங்கள் உயர் அமைப்பில் 60-ஐ ஒட்டி ஓட வேண்டும். அதற்குத் தேர்வானவை:

பிராசசர்: ஏஎம்டி ரைசன் 5 5600
மதர்போர்டு: பி550 சிப்செட், மைக்ரோ ஏடிஎக்ஸ், நான்கு ராம் ஸ்லாட்
ராம்: டிடிஆர்4-3200 சிஎல்16, 8 ஜிபி குச்சி இரண்டு
கிராபிக்ஸ் கார்டு: ரேடியான் ஆர்எக்ஸ் 7600, 8 ஜிபி
எஸ்எஸ்டி: 1 டிபி என்விஎம்இ (போர்டிலேயே செருகும் வேகமான வகை), ஜென் 4 (நான்காம் தலைமுறை), டிஎல்சி
எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி): 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், டிசி-டிசி வகை
கேபினெட்: முன்பக்கம் வலை, 120 மிமீ ஃபேன் மூன்று

மானிட்டர் நீங்கலான தொகையில் கார்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி ஒதுக்கலாம். பிராசசருக்கு 15 முதல் 18, போர்டுக்கு 12. மீதியை ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் மூன்றும் ஏறக்குறைய சமமாகப் பிரித்துக்கொள்ளும். கடைசியில் மிஞ்சுவது கேபினெட்டுக்கு. 2025-ன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இந்தக் கணக்கு சற்றே ஆடிப்போயிருக்கிறது. பழைய கணினியில் உருப்படியான டிடிஆர்4 குச்சிகள் இருந்தால், டிடிஆர்4 ஏற்கும் போர்டைத் தேர்ந்தெடுப்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

பட்ஜெட் பில்டில் பணம் நழுவுவது பெரும்பாலும் மாடல் பெயரில் இருக்கும் சின்ன வித்தியாசத்தில்தான். 5600-க்கும் 5500-க்கும் நூறு எண் வித்தியாசம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். ஆனால் 5600-ல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள அதிவேக நினைவகம்) 32 எம்பி, 5500-ல் 16 எம்பி. ஆட்டங்களுக்குக் கேஷ் உயிர்நாடி. தேடும் தரவு கேஷில் இல்லாவிட்டால் ராம் வரை போய் வர வேண்டும். அந்தக் காத்திருப்புதான் ஃப்ரேம் திடீரென்று சறுக்குவதாகத் திரையில் தெரிகிறது. கார்டைப் பிராசசரோடு இணைக்கும் பாதையான பிசிஐஇ-யில் 5500 3.0 வரைதான் தரும், 5600 4.0 தரும். இவையே ஜென் 3, ஜென் 4 எனப்படுபவை. இதன் விளைவு கார்டைப் பேசும்போது வரும். 5600ஜி-யும் 5500-ன் குடும்பம்தான்: 16 எம்பி கேஷ், பிசிஐஇ 3.0. உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பது மட்டும் கூடுதல். கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம், இப்போதைக்குச் சமாளித்தால் போதும் என்பவருக்கு அது சரி. கார்டோடு சேர்த்தே வாங்குபவருக்கு வீண்.

இன்னொரு பொறி: ரைசன் 7 5700, ரைசன் 7 5700எக்ஸ். கடைசி எக்ஸ் இருந்தால் 32 எம்பி கேஷ், பிசிஐஇ 4.0. இல்லாவிட்டால் 16 எம்பி, பிசிஐஇ 3.0. கோர் எண்ணிக்கை இரண்டிலும் 8 என்பதால் பட்டியலைப் பார்த்து ஒன்றென்றே எண்ணத் தோன்றும்.

இன்டெல் பக்கம் இதே தரத்தில் கோர் ஐ5-12400எஃப். 6 கோர், 12 த்ரெட், எல்ஜிஏ1700 சாக்கெட் (போர்டில் பிராசசர் அமரும் இடம்). எஃப் என்று முடிந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. 5600-க்குச் சளைத்ததில்லை, எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். ஆனால் அதோடு எச்610 போர்டைச் சேர்த்தால் ராம் ஸ்லாட் இரண்டோடு நின்றுவிடும், ராமை ஓவர்கிளாக் செய்ய முடியாது, எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் பல மாடல்களில் ஜென் 3 தான். பி660 அல்லது பி760 எடுத்தால் இந்தக் கட்டுகள் இல்லை. அதே சாக்கெட்டில் 13, 14-ஆம் தலைமுறை உயர் மாடல்களைப் பழையதாக வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024-ல் அவற்றில் வோல்டேஜ் மிகையால் சிப் தளரும் சிக்கல் வெளிப்பட்டது, இன்டெல் மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டது. திருத்தம் வருமுன் அதிக நாள் ஓடிய சிப் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. 12-ஆம் தலைமுறையில் இந்தப் பிரச்சினை இல்லை.

ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போகலாமா என்பது அடுத்த கேள்வி. ரைசன் 5 7500எஃப் அல்லது 7600 தெளிவாகவே வேகமானவை. அந்தச் சாக்கெட்டுக்கு 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது; 5600 அமரும் ஏஎம்4-ன் பாதை முடிந்துபோனது. ஆனால் டிடிஆர்5 ராம் கட்டாயம், போர்டும் விலை கூடுதல். அந்தக் கூடுதலைக் கார்டிலிருந்து பிடுங்கித்தான் ஈடுகட்ட முடியும் என்றால் வேண்டாம். கார்டில் கை வைக்காமல் முடியும் என்றால் ஏஎம்5 எடுப்பதே அறிவு. அங்கும் ஒரு பொறி உண்டு: 8500ஜி கார்டுக்கு நான்கு லேன்தான் (பிசிஐஇ பாதையின் தடங்கள்) தரும், 8400எஃப், 8600ஜி எட்டு. 7500எஃப், 7600 இரண்டும் பதினாறு.

இணையச் சந்தையில் எக்ஸ்99 போர்டு, பழைய ஜியான் பிராசசர், ராம் மூன்றையும் ஒரே கட்டாக மிக மலிவாக விற்பார்கள். கோர் எண்ணிக்கை மலைக்க வைக்கும். ஆட்டத்துக்கு வேண்டியது ஒற்றைக் கோரின் வேகம். பத்தாண்டுக்கு முந்தைய சர்வர் சிப்பில் அது கிடைக்காது. பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஆதரவும் இருக்காது.

கார்டு

ஆர்எக்ஸ் 7600-ஐ எடுத்ததற்கு 1080பி இலக்கு காரணம். 165 வாட், 8 ஜிபி, பிசிஐஇ 4.0-ல் எட்டு லேன். எட்டு லேன் என்ற விவரத்தைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடமாட்டார்கள். ஜென் 4-ல் எட்டு லேன் என்றால் ஒரு திசைக்கு வினாடிக்கு சுமார் 16 ஜிபி. அதே கார்டை ஜென் 3 பிராசசரிலோ போர்டிலோ சொருகினால் 8 ஜிபி. கார்டின் நினைவகம் நிரம்பாதவரை பெரிய வித்தியாசம் தெரியாது. நிரம்பி வழிந்த கணத்தில் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) ராமிலிருந்து இந்தக் குறுகிய பாதை வழியாக வர வேண்டியிருக்கும். சராசரி ஃப்ரேம் 70 என்று காட்டும், ஆட்டமோ குதித்துக் குதித்து ஓடும். பிராசசரில் 5500 வேண்டாம், போர்டில் ஏ520 சிப்செட் வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்: இரண்டும் ஜென் 3. கொடுமையான உதாரணம் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி: 4 ஜிபி நினைவகம், நான்கே லேன். ஜென் 3 போர்டில் அது பாதி கார்டாகிவிடும். வீடியோ என்கோடரும் அதில் இல்லை, ஆட்டத்தைப் பதிவு செய்ய நினைப்பவருக்கு அதுவும் இடி.

8 ஜிபி போதுமா? 1080பி-யில், டெக்ஸ்சர் அமைப்பை உச்சத்திலிருந்து ஒரு படி இறக்கச் சம்மதம் என்றால் போதும். டெக்ஸ்சர் தரம் ஃப்ரேம் வேகத்தை அவ்வளவாகப் பாதிக்காது, நினைவகத்தைத்தான் தின்னும். அதனால் ஆட்டம் திக்கினால் முதலில் இறக்க வேண்டியது அதைத்தான். நிழல் தரத்தை அல்ல. 1440பி-க்குப் போகும் எண்ணம் இருந்தால் 12 அல்லது 16 ஜிபி கார்டுக்குக் காத்திருப்பது நல்லது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி அந்த இடத்துக்குப் பொருந்தும், அதில் பதினாறு லேனும் உண்டு. பெயர் ஒன்றாகவே இருக்கும் 8 ஜிபி வகையும் கடையில் இருக்கும், ரசீதில் எண்ணைப் பாருங்கள்.

என்விடியா பக்கம் ஆர்டிஎக்ஸ் 4060 (115 வாட்), 5060 (145 வாட்) இரண்டும் 8 ஜிபி, எட்டு லேன். குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் அங்கே கூடுதல் பலம். 1080பி-யில் குவாலிட்டி அமைப்பு உள்ளுக்குள் 1280×720-ல் வரைந்து பெரிதாக்குகிறது. அவ்வளவு குறைந்த பிக்சலிலிருந்து பெரிதாக்கும்போது டிஎல்எஸ்எஸ்-க்கும் ஏஎம்டியின் பழைய எஃப்எஸ்ஆர்-க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். புதிய எஃப்எஸ்ஆர் 4 வெளியானபோது ஆர்எக்ஸ் 7600-க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லாததை இந்த இடத்தில் ஒரு குறையாக எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு கார்டும் விலையில் ஒட்டி வந்தால் 4060 அல்லது 5060 எடுப்பதில் தப்பே இல்லை. ஃப்ரேம் ஜெனரேஷன் எண்ணைக் காட்டி விற்றால் மட்டும் மயங்க வேண்டாம். இடையில் ஃப்ரேமைச் செருகுவதால் திரை வழுக்கிக்கொண்டு ஓடும், கையசைவுக்குத் திரை பதில் சொல்லும் நேரம் குறையாது. அடிப்படையில் 60 வராத கார்டில் அது ஒட்டுப்போட்ட வேலைதான்.

பெயர் மாறாமல் உள்ளே மாறிய கார்டுகள் இங்கும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050-ல் 6 ஜிபி வகை, 8 ஜிபி வகையைவிடக் குறைந்த கோரும் குறுகிய நினைவகப் பாதையும் கொண்டது. 70 வாட்டில் ஓடுவதால் தனி மின் இணைப்பு வேண்டாம் என்பது மட்டும் அதன் சிறப்பு. பழைய அலுவலகக் கணினியில் செருக ஏற்றது, புதிய பில்டுக்கு அல்ல. 3060-ல் 12 ஜிபிதான் பேர்பெற்றது, 8 ஜிபி வகை வேறு சாதி.

இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி கொடுத்து ஆசை காட்டும். ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாமல் அதை ஓட்டக் கூடாது. அதன் டிரைவர் பிராசசரை அதிகம் உழைக்க வைக்கும் என்பது 2025 தொடக்கத்துச் சோதனைகளில் தெரியவந்தது. ரைசன் 5 5600-ஓடு சேர்த்தபோதே சில ஆட்டங்களில் தடுமாறியது. ரைசன் 5 7600 அல்லது அதற்கு மேற்பட்ட பிராசசர் இருந்தால் யோசிக்கலாம்.

பழைய கார்டு வாங்குபவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது டிரைவர்: ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு புதிய ஆட்டங்களுக்கான டிரைவரை நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். இரண்டாவது, ஒளி பாயும் வழியைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள். 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் அது இல்லாத கார்டில் ஓடாது, அப்படியென்றால் 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 5700 எல்லாம் அங்கே கதவுக்கு வெளியே. மூன்றாவது, அசலா என்பது. ஆர்எக்ஸ் 580 என்று விற்பவற்றில் 2048எஸ்பி வகை உண்மையில் 570-ன் கோர் எண்ணிக்கை கொண்டது. அசல் 580-ல் 2304. பயாஸ் மாற்றிய போலிகளும் உண்டு. பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கை, நினைவக அளவு, பஸ் அகலம் மூன்றையும் ஒப்பிட்டு, கார்டுக்குச் சுமையேற்றும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓட்டி ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) வெப்பத்தைப் பாருங்கள். சாதாரண வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 30 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்க் சரியாகப் படியவில்லை.

எஸ்எம்பிஎஸ்: ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

கணக்கு எளிது. 5600 அதன் இயல்பு வரம்பில் 76 வாட் வரை இழுக்கும். கார்டு 165. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 291. கார்டு மில்லிவினாடி நேரத்துக்குத் தன் வரம்பைத் தாண்டித் துள்ளும். அதற்கும் இடம் விட்டால் 550 வாட் தாராளம். 750 வாங்குவதால் ஆட்டத்தில் ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது.

ஆனால் எந்த 550? பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கணினியில் பிராசசரும் கார்டும் 12 வோல்ட்டில்தான் பசியாறுகின்றன. 45 ஆம்பியர் என்றால் 45×12, அதாவது 540 வாட். அது உண்மையான 550. 30 ஆம்பியர் என்று போட்டு மேலே 550 வாட் என்று அச்சடித்திருந்தால் கையில் இருப்பது 360 வாட் சரக்கு. மீதி வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட்டில் யாருக்கும் பயன்படாமல் காகிதத்தில் கிடக்கும்.

80 பிளஸ் முத்திரை சொல்வது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும். பாதுகாப்பு, வோல்டேஜ் நிலைத்தன்மை, உதிரிகளின் தரம் எதையும் அது சொல்வதில்லை. மலிவான பழைய வடிவமைப்புகளில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே கட்டுப்பாட்டில் இருக்கும். கார்டு 12 வோல்ட்டை மட்டும் இழுக்க இழுக்க அது சரியும், 5 வோல்ட் ஏறும். கனமான ஆட்டம் திறந்ததும் கணினி பட்டென்று அணைந்து திரும்ப எழுவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். டிசி-டிசி என்று குறிப்பிட்ட மாடலில் ஒவ்வொரு வோல்டேஜும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தப்படும். ஓவர் கரன்ட், ஓவர் டெம்பரேச்சர் பாதுகாப்பு இரண்டும் விவரப் பட்டியலில் இருக்க வேண்டும், உத்தரவாதம் ஐந்து ஆண்டாக இருந்தால் நலம்.

கார்டுக்கான 8 பின் இணைப்பு ஒன்று 150 வாட் தரும், ஸ்லாட் 75. ஆர்எக்ஸ் 7600-ல் ஒரு 8 பின் போதும். சில தயாரிப்பாளர்கள் இரண்டு வைப்பதால் கார்டு மாடலைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் கேபிளை எண்ணுங்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள வகையாக இருந்தால், வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை ஒருபோதும் சேர்க்க வேண்டாம். கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும்; 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ கருகிப்போகும்.

ராம், எஸ்எஸ்டி, மற்றவை

16 ஜிபி ஒற்றைக் குச்சி வேண்டாம், 8 இரண்டு. ஒற்றைக் குச்சியில் 3200 வேகத்துக்கு வினாடிக்கு 25.6 ஜிபி பாதை, இரண்டில் 51.2. பெட்டியில் 3200 என்று மட்டும் பார்த்து வாங்குவதிலும் ஏமாற்றம் உண்டு. சிஎல்16 என்றால் தாமதம் 10 நானோவினாடி. சிஎல்22 என்றால் 13.75. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோவினாடி கிடைக்கும். 3600 சிஎல்18, டிடிஆர்5-6000 சிஎல்30 இரண்டுக்கும் அதே 10 தான் வரும். ஏஎம்4-ல் 3600-க்கு மேல் போனால் பெரும்பாலும் உள் இணைப்பின் வேகத்தோடு ஒத்துப்போகாது, பணம் கொடுத்து மெதுவாக்கிக்கொள்வது போலாகும்.

எஸ்எஸ்டியில் ஜென் 3-க்கும் ஜென் 4-க்கும் ஆட்டம் திறக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு வினாடிதான் வித்தியாசம். டிஎல்சியா (ஒரு செல்லில் மூன்று பிட்) கியூஎல்சியா (நான்கு பிட்) என்பதே பெரிய விஷயம். கியூஎல்சி காலியாக இருக்கும்போது பறக்கும். பாதிக்கு மேல் நிரம்பியபின் 100 ஜிபி ஆட்டம் ஒன்றை ஏற்றினால் தற்காலிகக் கேஷ் தீர்ந்து, எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கும். எந்தச் சிப் என்று தயாரிப்பாளர் சொல்லாத மாடலில் டிபிடபிள்யூ (ஆயுளில் எழுதக்கூடிய டெராபைட்) எண்ணைப் பார்த்து ஊகிக்கலாம்: 1 டிபிக்கு 600-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் டிஎல்சி, 200-ஐ ஒட்டி இருந்தால் கியூஎல்சி. தனி டிரேம் நினைவகம் இல்லாத வகை ஆட்டத்துக்குப் பரவாயில்லை. பி550-ல் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் பல போர்டுகளில் இரண்டு சாட்டா போர்ட் (பழைய வகை டிஸ்க் இணைப்பு) செத்துவிடும், கையேட்டில் எழுதியிருக்கும்.

5600-ஓடு வரும் கூலர் போதும், சத்தம் மட்டும் கொஞ்சம் உண்டு. கேபினெட்டில் முன்பக்கம் மூடிய கண்ணாடி வேண்டாம். இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, ஒன்று பின்னால் தள்ள.

மானிட்டரில் 75 ஹெர்ட்ஸ் மலிவாகத் தெரியும். 48 முதல் 75 வரைதான் அதன் மாறு வேகம் (ஃப்ரேம் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) ஒத்துழைக்கும். ஃப்ரேம் 48-க்குக் கீழே போனால் ஈடுகொடுக்க வழியில்லை. 48–144 இருந்தால் 40 ஃப்ரேமைக்கூட இரட்டித்து 80-ஆகக் காட்டும்.

சேர்த்தல்

கேபினெட்டுக்குள் போகும் முன் போர்டு பெட்டியின் மேலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: பிராசசர், கூலர், ஒரு ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ், அவ்வளவு. பழுதான பாகம் இருந்தால் இருபது ஸ்க்ரூ கழற்றும் வேலை மிச்சம்.

ஏஎம்4 பிராசசரில் பின் பிராசசரின் அடியில். மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் தானே இறங்க வேண்டும், அழுத்தம் கூடாது. ஏஎம்5, எல்ஜிஏ1700-ல் பின் சாக்கெட்டில். விரலோ துணியோ பட்டால் வளைந்துவிடும், உத்தரவாதமும் போய்விடும். 5600-ஓடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலருக்குப் போர்டின் பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். அந்த நாலு ஸ்க்ரூவை எடுத்ததும் பின்புறத் தகடு தொப்பென்று விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கூலர் ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். அடியில் பேஸ்ட் ஏற்கனவே தடவியிருக்கும், மேலும் தடவ வேண்டாம். பின்னாளில் கழற்றும்போது கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

இரண்டு ராமும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். கேபினெட்டில் போர்டைத் தாங்கும் ஸ்டாண்ட்ஆஃப் எண்ணிக்கை போர்டின் ஓட்டைகளுக்குச் சரியாக இருக்கட்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும். பிராசசருக்கான 8 பின் நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாக. மாற்றிச் சொருக முயலக் கூடாது. மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டுங்கள். 5600-ல் உள் கிராபிக்ஸ் இல்லாததால் போர்டின் எச்டிஎம்ஐ-யில் மாட்டினால் திரை கருப்பாகவே இருக்கும்.

கடையில் நெடுநாள் கிடந்த போர்டாக இருந்தால் அதன் பயாஸுக்கு இந்தப் பிராசசரைத் தெரியாமல் போகலாம். ஃபேன் சுற்றும், திரை வராது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டைத் தேர்ந்தெடுத்தால் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. எஃப்ஏடி32 பென்டிரைவில் பயாஸ் கோப்பைக் கையேடு சொல்லும் பெயரில் வைத்து, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, 24 பின்னும் 8 பின்னும் மட்டும் இணைத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுங்கத் தொடங்கும். அது நிற்கும்வரை மின்சாரத்தைத் தொட வேண்டாம்.

முதல் பூட்

பயாஸில் முதல் வேலை எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி. இதைப் போடாவிட்டால் 3200 ராம் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். ரைசனில் இந்த ஒரு பட்டனுக்கே கணிசமான ஃப்ரேம் கூடும், காசு ஒன்றும் இல்லை. அடுத்து சிஎஸ்எம் (பழைய பூட் முறை) அணைத்து, அபவ் 4ஜி டிகோடிங், ரீசைஸ் பார் இரண்டையும் இயக்குங்கள். எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள் இரண்டும் வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலரண்ட் இவை இல்லாமல் திறக்காது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் அதில் புதிய பில்டைத் தொடங்குவதில் பொருளில்லை. ஏஎம்4-ல் எஃப்டிபிஎம் இயங்கும்போது அவ்வப்போது ஓரிரு வினாடி உறையும் சிக்கல் முன்பு இருந்தது; ஏஎம்டி தரும் பயாஸ் அடித்தளமான ஏஜீசா 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தைய பயாஸில் அது தீர்ந்தது. ஆக பயாஸைப் புதுப்பித்தபின் இந்த அமைப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி போட வேண்டும், புதுப்பித்தல் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

ஏஎம்5 எடுத்தவர்களுக்கு: முதல் முறை ஆன் செய்ததும் டிடிஆர்5 பயிற்சி சில நிமிடம் நடக்கும், திரை கருப்பாக இருக்கும். பொறுமை இழந்து ஸ்விட்சைத் தட்ட வேண்டாம்.

விண்டோஸ் ஏற்றும் முன் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அப்படியே விடக் கூடாது; எக்ஸ்எம்பி-யை அணைத்துத் திரும்ப ஓட்டினால் பிழை போனால் குச்சி பழுதில்லை, வேகம்தான் ஒத்துவரவில்லை. வேகத்தை 3000-க்கு இறக்கலாம், அல்லது ராம் வோல்டேஜை 1.35-லிருந்து 1.37-க்கு ஏற்றிப் பார்க்கலாம். எக்ஸ்எம்பி இல்லாமலும் பிழை வந்தால் ஒவ்வொரு குச்சியாக மாட்டிச் சோதித்துப் பழுதானதைத் திருப்பிக் கொடுங்கள்.

விண்டோஸ் வந்ததும் டிஸ்பிளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். 60-லேயே மாதக்கணக்கில் ஓடும் 144 மானிட்டர்கள் ஏராளம். ஜிபியு-இசட்டில் பஸ் வரி, சுமை இருக்கும்போது எட்டு லேன், 4.0 என்று காட்ட வேண்டும். சும்மா இருக்கும்போது மின்சேமிப்புக்காக 1.1 என்று காட்டுவது இயல்பு.

பிறகு உண்மையான ஆட்டம். திரையில் கார்டின் பயன்பாட்டு சதவீதத்தை வைத்துக்கொண்டு ஆடுங்கள். 95-க்கு மேல் நின்றால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது. ஃப்ரேம் போதவில்லை என்றால் அமைப்பைக் குறைக்கலாம். 60, 70 சதவீதத்தில் நின்று ஃப்ரேமும் குறைவாக இருந்தால் தடை வேறெங்கோ. ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறவே இல்லை என்றால் பிராசசர் அல்லது ராம். அப்போது கூட்ட நெரிசல், காட்சித் தூரம், நிழல் தூரம் ஆகியவற்றைக் குறைத்தால்தான் பலன். டெக்ஸ்சரைக் குறைப்பதில் ஒன்றும் வராது. ஃப்ரேம் 144-ஐத் தாண்டிப் பாயும் ஆட்டங்களில் வரம்பை 141-ல் வையுங்கள். மாறு வேகம் அறுந்துபோகாது, கார்டும் தேவையில்லாமல் சூடேறாது.